பெயர் அதேதான், ஆள்தான் வேறாம்

"சனி, ஞாயிறு இரண்டு நாளில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் புதிய டொமைனுக்கு மாற்றப்படும். திங்கள் காலை ஊழியர்கள் வழக்கம்போலப் பணியைத் தொடரலாம்." இப்படி ஒரு சுற்றறிக்கை இந்த வடசென்னைப் பக்கம் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும், இரண்டு அலுவலகம் ஒன்றாகும், இல்லையென்றால் தலைமையகம் "இனிமேல் எல்லாம் ஒரே குடைக்கீழ்" என்று முடிவு செய்யும். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் ஆட்சேபம் அந்தச் "சனி, ஞாயிறு" மேல்தான். ஆள் இல்லாத நாளில் ஆளுடைய மேஜையைக் காலி செய்வது எந்த அலுவலக நடைமுறையிலும் கிடையாது. கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அதைத் திறமை என்று சொல்கிறார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் மத்திய அரசில் குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். டொமைன் என்ற சொல்லை நான் முதலில் படித்தது கம்ப்யூட்டரில் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் 'தொமேன்' என்று படித்தேன். ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம் என்று அர்த்தம். கம்ப்யூட்டர்க்காரர்களும் கிட்டத்தட்ட அதே அர்த்தத்தில்தான் சொல்கிறார்கள். ஒரு சர்வரில் எல்லா ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்த ஆளுகையில் சேர்ந்த ஒவ்வொரு மெஷினும், "இவர் யார்?" என்று அந்த சர்வரைக் கேட்டுத்தான் உள்ளே விடும். 'புரொஃபைல்' என்பதும் 'புரோஃபில்' என்று நாங்கள் படித்ததுதான். பக்கவாட்டில் பார்த்த முகம். பாதி முகம் என்றும் சொல்லலாம். கம்ப்யூட்டரில் அது நம்முடைய மேஜை, டிராயர், சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாம் சேர்ந்த ஒரு ஃபோல்டர்.

என் தங்கை மகன் மணலி விரைவுச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின். அந்த நிறுவனத்தை வேறொருவர் வாங்கிவிட்டதால், போன வருஷம் நூற்றுச் சொச்சம் மெஷின்களைப் புதிய டொமைனுக்கு மாற்றினான். அவனிடம் கேட்டேன்: "பெயரும் அதே பெயர், பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள், மெஷினும் அதே மெஷின். பிறகு ஏன் திங்கட்கிழமை காலையில் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது?"

"மாமா, விண்டோஸ் பேரைப் பாக்கறதே இல்ல. நம்பரைத்தான் பாக்குது" என்றான்.

அந்த நம்பருக்கு எஸ்.ஐ.டி. என்று பெயர். எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து, டொமைனுக்கு உரிய மூன்று பெரிய எண்கள் வரும். கடைசியில் ஆளுக்கு உரிய எண். நிர்வாகிக்கு 500. நம்மைப் போன்றவர்களுக்கு 1000-க்கு மேல். டொமைன் மாறினால் நடுவில் இருக்கிற எண்கள் மாறும். ஆக, நேற்று வரை இருந்த ரமேஷும் இன்று வந்து உட்காரும் ரமேஷும் விண்டோஸுக்கு வேறு வேறு ஆட்கள். பழைய ரமேஷின் ஃபோல்டர் அதே டிஸ்கில் பத்திரமாக இருக்கும். புது ரமேஷுக்கு அதே பெயரில் ஃபோல்டர் போட முடியாததால், பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து டொமைன் பெயரையும் ஒட்டி இன்னொரு ஃபோல்டர் திறந்து கொடுத்துவிடும். பழையதை எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது புரிவதில் கஷ்டம் இருக்காது. 2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 155 ஆக இருந்த வார்டுகள் 200 ஆயின. வீடு அதே வீடு, தெரு அதே தெரு. சொத்துவரி எண் மட்டும் மண்டலம், வார்டு என்று புது வரிசையில் வந்தது. பழைய நகராட்சி ரசீதை இன்றும் பீரோவில் வைத்திருக்கிறோம் அல்லவா? எதற்கு? அந்தப் பழைய எண்ணும் இந்தப் புது எண்ணும் ஒரே வீடுதான் என்று காட்ட நம்மிடம் வேறு சாட்சி இல்லை என்பதற்காக.

அப்படி ஒரு சாட்சியைக் கம்ப்யூட்டரிலும் வைக்க முடியும். மைக்ரோசாஃப்ட்டே அதற்கென்று ஒரு கருவி தந்திருக்கிறது. ஏ.டி.எம்.டி. என்பார்கள். அதை வைத்து மாற்றினால் புது டொமைனில் இருக்கிற ஆளின் பதிவிலேயே அவருடைய பழைய எண்ணையும் எழுதி வைக்கலாம். எஸ்.ஐ.டி. ஹிஸ்டரி என்று அதற்குப் பெயர். அரசு ஊழியர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: சர்வீஸ் புக். ராயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றல் ஆனால் சர்வீஸ் புக்கும் கடைசிச் சம்பளச் சான்றும் ஆளோடு கூடவே போகும். அங்கே போனதும், "நீங்கள் இன்றுதான் வேலையில் சேர்ந்தீர்கள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சின்ன வசதியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கள் அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்தில். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. 2011 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நிலக்கரி எண்ணூருக்குப் போகும்வரை, காலையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கறுப்புத் தூள் விழும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லாரையும் ஐந்து மணிக்கே அனுப்பிவிட்டு டொமைன் மாற்றினார்கள். திங்கட்கிழமை வந்தால் எல்லா மெஷின்களிலும் நீல வானம், பச்சைப் புல்வெளி. விண்டோஸ் எக்ஸ்பி புதிதாகப் பிறந்த அன்று காட்டும் அதே படம்.

எங்கள் ஸ்டெனோகிராஃபர் அம்மா வேர்டில் சுருக்கக் குறிகள் வைத்திருந்தார். மூன்று எழுத்து தட்டி ஒரு விசையை அழுத்தினால், "தங்கள் மேற்படி கடிதத்தின் மீது கவனத்தை ஈர்க்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்" போன்ற முழு வாக்கியம் வந்து விழும். ஆங்கிலத்திலும் அப்படியே. பல வருஷங்களாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அவர் முடிப்பதன் ரகசியமே அதுதான். அந்தக் குறிகளெல்லாம் 'நார்மல்' என்ற பெயருடைய ஒரு வார்ப்புருக் கோப்பில், அவருடைய புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருந்தன. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. திங்கட்கிழமை மூன்று எழுத்து தட்டினார். மூன்று எழுத்துதான் வந்தது.

"இருபது வருஷமா இங்க இருக்கேன் சார். இந்த மெஷின் என்னை இன்னிக்குச் சேர்ந்தவன்னு சொல்லுது" என்றார்.

மாற்ற வந்த ஒப்பந்தக்காரரின் பையன், "உங்க டாகுமெண்ட்ஸ் எல்லாம் காப்பி பண்ணிட்டோம்மா" என்றான். உண்மைதான். மை டாகுமெண்ட்ஸை மட்டும் காப்பி செய்திருந்தார்கள். குறிகள் இருந்தது வேறு இடத்தில், விண்டோஸ் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்கும் ஒரு உள் ஃபோல்டரில். பழைய ஃபோல்டர் அப்போதும் அந்த டிஸ்கிலேயே இருந்தது, கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து, இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களை எல்லா மெஷின்களிலும் மொத்தமாக அழித்தார்கள். யாரையும் கேட்கவில்லை. அந்த அம்மா ஓய்வு பெறும்வரை அவற்றைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. கை நோக நோக முழுசாகவே தட்டிக்கொண்டிருந்தார். அலுவலகக் கணக்கில் டொமைன் மாற்றம் வெற்றி.

இன்றைக்கு இழப்பு இன்னும் நுட்பமாக இருக்கிறது. டாகுமெண்ட், டெஸ்க்டாப்பை எல்லாரும் காப்பி செய்துவிடுகிறார்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோல்டரோடு காப்பி செய்தாலும் திறக்காது. அந்தப் பூட்டுக்குச் சாவி பழைய ஆளின் பழைய அடையாளத்தோடு கட்டப்பட்டது. விண்டோஸிலேயே பூட்டி வைத்த ஃபைல்களும் அப்படியே. சுங்கத்துக்கு ஐஸ்கேட்டில் ஆவணம் போடுகிற ஏஜென்ட் அலுவலகங்களில் டிஜிட்டல் கையெழுத்தை யு.எஸ்.பி. டோக்கனில் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள், டோக்கன் கையோடு வரும். மெஷினுக்குள்ளேயே சான்றிதழை வைத்துக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். அவுட்லுக்கில் பழைய மெயில்களைத் தனிக் கோப்பாக இறக்கி வைத்திருப்பவருக்கு அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தமிழ் அடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. எந்த விசைப்பலகை என்ற அமைப்பும் ஆளோடு ஒட்டியது. தமிழ்99-ல் பழகிய விரல், திங்கட்கிழமை வேறெதிலோ போய் விழுகிறது. நான் இதை எழுதுவது என்.எச்.எம். ரைட்டரில். அதன் அமைப்பு போனாலே எனக்கு அரை நாள் போச்சு.

ஒரு பெரிய மாற்றம் சமீபத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயில்கள் என்.ஐ.சி.யின் பழைய ஏற்பாட்டிலிருந்து நம்மூர் ஜோஹோவின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. 2023-ல் டெண்டரில் எடுத்து, ஏழு வருஷ ஒப்பந்தம். தனியாரிடம் கொடுக்கலாமா என்று என் நண்பர்கள் நடைப்பயிற்சியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அது வேறு விவாதம். எனக்குப் பிடித்த விஷயம், பின்னால் இருக்கிற பெட்டி மொத்தமும் மாறியும் முகவரி மாறவில்லை என்பது. என்.ஐ.சி. டாட் இன், கவ் டாட் இன் அப்படியே இருக்கின்றன. கடிதம் எழுதுகிற பொதுஜனத்துக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியவில்லை. அலுவலக டொமைன் மாற்றம் இதற்கு நேர் தலைகீழ். பெட்டி மாறவில்லை, ஆளின் முகவரிதான் மாறுகிறது. ஆகவே சிரமம் முழுக்க ஆளின் தலையில் விழும். அதைத் தெரிந்துகொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

ஒரு ஆளுகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எப்படி என்று எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு ஊரே டொமைன் மாறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. எட்டு வருஷம் அவசரப்படவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் எனக்கு இன்றும் வியப்பு. ஒன்று, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். எழுதாதவர்கள் தானாகவே இந்தியர். என் அப்பா எழுதவில்லை. எழுதாததாலேயே இந்தியர் ஆனார். ஆனால் கேட்டார்கள், ஆறு மாதம் கொடுத்தார்கள். இரண்டாவது, பழைய தஸ்தாவேஜுகள். சரித்திர முக்கியத்துவம் உள்ளவை பிரான்சிடம், அன்றாட நிர்வாகத்துக்குத் தேவையானவை இந்தியாவிடம் என்று பிரித்து எழுதி வைத்தார்கள். எது யாரிடம் இருக்கும் என்பது கையெழுத்துப் போடும்போதே தெரியும். எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் இருந்தார்கள், பென்ஷன் நாளில் மட்டும் தம்பிக்குக் கோபம் வரும். ஆனாலும், யார் யாராக இருக்கிறோம், எந்தக் காகிதம் எங்கே என்பதைக் கேட்டு எழுதிய மாற்றம் அது.

நூறு கம்ப்யூட்டருக்கு ஒப்பந்தமா போட முடியும் என்று சிரிக்காதீர்கள். பிரெஞ்சு நிர்வாகத்தில் 'பசசியோன் தெ செர்வீஸ்' என்பார்கள். நம் அலுவலகங்களில் அதுவே சார்ஜ் ஒப்படைப்பு. பீரோ சாவி இத்தனை, பதிவேடு இத்தனை, நிலுவைக் கோப்பு இத்தனை என்று இரண்டு பிரதி எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுவார்கள். டொமைன் மாற்றத்துக்கும் அதுவே போதும். முன்வாரம் ஊழியர் தன் மெஷினில் உட்கார்ந்து எழுதட்டும்: எந்தப் பிரிண்டர், எந்தப் பொது டிரைவ், மெயில் கோப்பு எங்கே, பிரவுசரில் எத்தனை பாஸ்வேர்டு, எந்தத் தமிழ் விசைப்பலகை, வேறு என்ன பழக்கம். மாற்றிய பிறகு அதே தாளை வைத்து அவரே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மொத்தமாக வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு செக்‌ஷன், வேலை நாளில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குச் சுருக்கென்றது. நியாயமும் இருக்கிறது. அவன் பக்கக் கஷ்டத்தை அடுக்கினான். எண்ணூர் யார்டு கேட்டில் இருக்கிற மெஷினுக்குத் தலைமையகத்து சர்வரோடு தொடர்பு விட்டு விட்டுத்தான் வருமாம். பழைய டொமைனிலிருந்து கழற்றிய பிறகு அந்த மெஷினின் உள்ளூர் நிர்வாகி பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால், உள்ளே போக வழியே கிடையாது. அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு லாரி டிரைவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க உட்கார்ந்திருந்தானாம். இன்னொரு மெஷினில் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்திப் போயிருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைன் சர்வர் லாகினையே ஏற்காது. உப்புக் காற்றில் மதர்போர்டு பேட்டரி போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். "நூறு மெஷினுக்கும் பக்கத்துல ஆள் உக்காந்தா எனக்கு ஒரு மாசம் ஆகும் மாமா. யார் சம்பளம் குடுப்பா?" என்றான்.

"பழைய குப்பையெல்லாம் எதுக்கு, சுத்தமா ஆரம்பிக்கலாம்" என்றும் சொன்னான். இந்த வாதத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எது குப்பை என்று சொல்கிற உரிமை அந்த மேஜையில் உட்கார்ந்தவருக்கு. வைரஸ் பயம் இருந்தால் சோதித்துவிட்டு மாற்றட்டும். ஒரு மாசச் சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை, எங்கள் ஸ்டெனோ அம்மா கடைசி வருஷங்களில் தினம் நாற்பது கடிதத்துக்குப் பதில் இருபத்தைந்துதான் முடித்தார். அந்த வித்தியாசத்தை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதவில்லை, ஆனால் அதற்கும் யாரோ சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் பாதி வழிக்கு வந்தான். அவன் கையில் வேறொரு கருவியும் இருக்கிறது. ஃபோரென்ஸிட் என்ற நிறுவனத்தின் யூசர் புரொஃபைல் விசார்ட். அது ஃபோல்டரை நகர்த்தாமல், பழைய ஃபோல்டரின் உரிமையைப் புது எண்ணின் பெயருக்கு மாற்றி எழுதிவிடும். ஊழியர் உள்ளே வந்தால் பழைய டெஸ்க்டாப்பே இருக்கும். பத்திரப் பதிவில் பெயர் மாற்றுவது மாதிரி, வீட்டைச் சுமக்க வேண்டாம். "இது இருக்கும்போது ஏன் எல்லா இடத்திலும் காலி டெஸ்க்டாப் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். "கேக்கறவங்க இல்ல மாமா" என்றான். அடுத்த கிளையில் முன்வாரத் தாளும் இந்தக் கருவியும் சேர்த்துச் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். சனி, ஞாயிறு வேண்டாம் என்பதற்கு மட்டும் மேலே கேட்க வேண்டுமாம்.

இன்னும் தீராத தகராறு ஒன்றே ஒன்று. பழைய ஃபோல்டர்களை எத்தனை நாள் வைத்திருப்பது? அவன் 30 நாள் என்று ஆரம்பித்து 90 வரை வந்திருக்கிறான். நான் 90 போதாது என்கிறேன். யார்டில் வருஷக் கணக்கு முடிப்பது மார்ச்சில். போன வருஷத்து எக்ஸெல் எங்கே என்று அக்கவுண்ட்ஸ் அம்மா தேடப் போவது அப்போதுதான், நடுவில் ஒரு நாளும் அதைத் திறக்கவே மாட்டார். அதனால் எந்த மாதம் மாற்றினாலும் அடுத்த ஏப்ரல் முடியும்வரை அழிக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு நாலாயிரம் ரூபாய் ஹார்டு டிஸ்க் வாங்கினால் யார்டு மொத்தத்துக்கும் வேண்டிய ஃபோல்டர்களைப் போட்டு வைக்கலாம். அந்த நாலாயிரத்துக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான்.